கண்ணாடியில் காய்ந்த பசை

வேண்டாம் தம்பி, நீங்க சாப்பிடுங்க. எனக்கு பஸ்ஸுல போறப்ப எதுவும் உள்ள எறங்காது. அட, தப்பா எடுத்துக்காதீங்க. டப்பாவ இப்படிக் கொஞ்சம் காட்டுங்க. ஒரு விரலால தொட்டு, உதட்டுல வச்சாச்சு. அவ்வளவுதான். இனி நீங்க நிம்மதியா சாப்பிடலாம்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? கெழவனுக்குக் கழண்டு போச்சுன்னு நெனைக்கறீங்களா? மூணு நாளாத்தான் தம்பி இந்தக் கண்றாவிப் பழக்கம். நேத்து மில்லுல ஒருத்தன் முறுக்க நீட்டினான், வேண்டாம்னேன், ஆனா கை போயி தொட்டுருச்சு. காலைல ஆத்தூர் பஸ் ஸ்டாண்டுல பூ விக்கற அம்மா அவங்க சாப்பாட்டுல பங்கு வேணுமான்னு சும்மா பேச்சுக்குக் கேட்டாங்க. அதையும் தொட்டேன். அந்தம்மா சாப்பாட்டுத் தூக்குப்போணிய எடுத்துகிட்டு தள்ளிப் போயி உக்காந்துட்டாங்க. எனக்கே சகிக்கல.

ஜவ்வரிசி உப்புமா தான இது? வீட்டம்மா பண்ணதா? நல்லா பண்ணியிருக்காங்க. மணி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்குது பாருங்க. ஊற வச்ச தண்ணிய சுத்தமா வடிச்சாத்தான் இப்படி வரும். மணியோட வெள்ளயப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுரும், இது எங்க பக்கத்துச் சரக்கு. நான் மாதேசு. முப்பத்தொரு வருசமா சேகோ மில்லுல மேஸ்திரி. மரவள்ளிக் கிழங்க அரைச்சு, பாலெடுத்து, தொட்டில படிய விட்டு, அந்த ஈர மாவத் துணித் தொட்டில்ல போட்டு ஆட்டினா குண்டு குண்டாத் திரளும். வறுத்துக் களத்துல காயப் போட்டா இந்தா, உங்க டப்பால இருக்கறது. இப்பல்லாம் ஆட்டறதுக்கு மிசின் வந்துருச்சு. எதுக்குச் சொல்றன்னா, ஜவ்வரிசியப் பத்தி எனக்கு ஒருத்தன் பாடம் எடுக்க முடியாது. அதான் என் வாதம். முழுசாக் கேளுங்க, அப்புறம் நீங்களே சொல்லுங்க.

எனக்கு ஒரே பையன், பொன்னரசு. மெக்கானிக்கல் டிப்ளமோ படிச்சான். மாவு பிரிக்கற மிசின் செய்யற கம்பெனி ஒண்ணுல சேந்தான். மலேசியால ஒரு எடத்துல மிசின் மாட்டணும், ரெண்டு வருசம் இருக்கணும், போகட்டுமாப்பான்னு கேட்டான். போடான்னு நாந்தான் அனுப்பினேன். அதைத்தான் இன்னும் என்னால செரிக்க முடியல. நாந்தான் அனுப்பினேன்.

கோலாலம்பூர் இல்லைங்க. அங்க இருந்து கடலத் தாண்டி இன்னொரு பிளேன்ல போகணும், சரவாக். அதுல சிபுன்னு ஒரு ஊரு. அங்க இருந்து மூணு மணி நேரம் வேன். முக்கான்னு பேரு. ஊரப் பாத்தா ஒரு ஆறு, ஆத்துல தண்ணி டிகாசன் மாதிரி. பையன் போன புதுசுல போன் பண்ணி, அப்பா, இங்க மரத்துல இருந்து ஜவ்வரிசி எடுக்கறாங்கப்பான்னான். மரத்துல இருந்து எப்படிடா ஜவ்வரிசி வரும், கிறுக்கான்னு கேட்டேன். படம் அனுப்பினான். பனை மாதிரி ஒரு மரம், சேகோ பனைன்னு பேராம், நம்ம பனைய விடத் தடி. பத்துப் பன்னெண்டு வருசம் வளத்து, பூக்கறதுக்கு முன்ன வெட்டிப் போட்டுருவாங்களாம். பூத்துருச்சுன்னா உள்ள சேத்து வச்ச மாவையெல்லாம் பூவே குடிச்சுருமாம். வெட்டின மரத்தத் துண்டு போட்டு ஆத்துல மெதக்க விட்டுக் கொண்டாருவாங்க. பொளந்து, உள்ள இருக்கற சோத்தத் துருவி, பாய்ல கொட்டித் தண்ணி ஊத்தி மிதிப்பாங்க. ஆமா தம்பி, மிதிப்பாங்க. பெரிய மில்லுல மிசின் இருக்கு, வீடுகள்ல இன்னமும் காலால தான். திங்கற பொருளக் காலால மிதிக்கலாமா? ச்சீ.

எங்க மில்லுலயா? எறங்குவாங்க. தொட்டில எறங்கித்தான மாவ வெட்டி எடுக்கணும். களத்துலயும் காலால தான் கெளறி விடுவாங்க. அது வேற தம்பி. எங்க ஆளுங்க காலக் கழுவிட்டு எறங்குவாங்க.

ஒன்றரை வருசம் போச்சு. ஒரு நாள் போன்ல, அப்பா, நான் இங்க ஒரு பொண்ணக் கல்யாணம் பண்ணிகிட்டேன்னான். பண்ணிக்கட்டுமான்னு கேக்கல, பண்ணிகிட்டேன். சர்ச்சுலயாம். அந்த ஊருப் பொண்ணு. அவ அப்பன் லூகாஸ், மரம் வெட்டி மாவெடுக்கற ஆளு. பொண்ணு பேரு என்னவோ. வாயில நுழையாத பேரு, விடுங்க.

நான் சாதி பாக்கற ஆளு இல்ல தம்பி, அத மொதல்லயே சொல்லிடறேன். எங்க மில்லுல யாரு எவருன்னு இல்லாம எல்லாரும் ஒரே பெஞ்சுல உக்காந்து டீ குடிப்போம். டம்ளர் வேற வேற, அது சுத்தத்துக்காக. எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு கோவமும் கெடையாது. சாப்பாடு. சாப்பாடு தான் எனக்குப் பிரச்சன. மத்தபடி ஒண்ணும் இல்ல.

என் வீட்டுக்காரி பெருமாயி தெனமும் அழுதா. ஒரே புள்ள, போயிப் பாத்துட்டு வாங்க, உங்க மனசுக்குப் புடிச்சா அடுத்த தடவ நானும் வரேன்னா. போன பங்குனில போனேன். பத்து நாளைக்கு டிக்கெட்டு. புளிக்காச்சல், பருப்புப் பொடி, தட்டை எல்லாம் கட்டிகிட்டேன். அதோட எங்க மில்லு ஜவ்வரிசி அஞ்சு கிலோ. முதல் தரம், பாலு மாதிரி இருக்கும். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமா? அவங்களும் பாக்கட்டும், ஜவ்வரிசின்னா எப்படி இருக்கணும்னு.

லூகாஸ் வீட்டுக்குள்ள போனதும் ஒரு நாத்தம் பாருங்க. வீட்டுக்குக் கீழ ஆத்துத் தண்ணி, அதுல ஊறுற மரம், ஓரத்துல மலை மாதிரி கொட்டிக் கெடக்குற சக்கை, எல்லாம் புளிச்சு நொதிச்சு மூக்குல வந்து அடைக்குது. துண்டால மூக்கப் பொத்திகிட்டே அந்தப் பொண்ணுக்குக் கும்புடு போட்டேன். அவ சிரிச்சா. வாங்க மாமான்னா. பையன் சொல்லிக் குடுத்திருக்கான். மொத்தம் நாலஞ்சு வார்த்தை தான் தெரியும் அவளுக்குத் தமிழ்ல. வாங்க மாமா, உக்காருங்க மாமா, சாப்பிடுங்க மாமா.

என்ன தம்பி, மூக்கப் பொத்தறீங்க? நாத்தமா? எங்க? ஓ, அதுவா, அந்தா தெரியுதே கூரை, அது சேகோ மில்லு. கிழங்குத் திப்பியும் கழிவுத் தண்ணியும் கெடக்கும். நம்ம ஊருல இதையெல்லாம் நாத்தம்னு சொல்ல மாட்டோம். எனக்கு ஒண்ணுமே தெரியல பாருங்க. ஜன்னல வேணும்னா சாத்திக்கோங்க. ரெண்டு நிமிசத்துல தாண்டிரும்.

எங்க விட்டேன்? ஆங், சாப்பாடு. மொத நாள் என்ன வச்சாங்க தெரியுமா? ஒரு பெரிய கிண்ணத்துல அந்த மர மாவப் போட்டுக் கொதிக்கற தண்ணிய ஊத்திக் கிண்டினாங்க. கண்ணு முன்னாலயே அது கண்ணாடி மாதிரி ஆயிப் பசையாயிருச்சு. லினுட்டாம். தம்பி, சுவத்துல போஸ்டர் ஒட்டற பசை பாத்திருக்கீங்கல்ல, அது. அதே தான். எங்க மில்லுல இருந்து ரெண்டாந்தர மாவு போஸ்டர் ஒட்டவும் துணிக்குக் கஞ்சி போடவும் தான போகுது. அத இவங்க ரெண்டு மூங்கில் குச்சில சுத்திச் சுத்தி உருண்டையாக்கி, மீனும் மொளகாயும் அரைச்ச ஒரு புளிச்ச தண்ணில முக்கி, மெல்லாம அப்படியே முழுங்கறாங்க. என் பையன் முழுங்கறான் தம்பி! நாலு இட்லி வச்சா மூணாவதுக்கு மூஞ்சியத் தூக்கற பய, தலைய அண்ணாந்துகிட்டு வழுக் வழுக்குன்னு. வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு உள்ள போயி தட்டையத் தின்னேன்.

ரெண்டாம் நாள் பச்சை மீனு. வேக வைக்காத மீனு தம்பி, எலுமிச்சையப் புழிஞ்சு வெங்காயத்தோட. தட்டையத் தின்னேன்.

மூணாம் நாள் தான் நான் கொண்டு போன ஜவ்வரிசிய எடுத்துக் குடுத்தேன். லூகாஸ் கைல. அந்த ஆளு என்ன பண்ணினான்? ஒரு பிடி அள்ளி, வெளிச்சத்துல காட்டிப் பாத்தான். வெள்ளையப் பாத்து அசந்துட்டான்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. நாலு மணிய வாயில போட்டு மென்னான். மென்னுகிட்டே இருந்தான். அப்புறம் பையன் கிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சான். என்னடா சொல்றாருன்னேன். பொன்னரசு மொதல்ல சொல்லல. என்னடான்னு அதட்டினேன். நல்லா இருக்காம்ப்பா, ஆனா இது சேகோ இல்லையாம், கிழங்காம்னான்.

கேட்டீங்களா? இது சேகோ இல்லையாம்.

முப்பத்தொரு வருசம் தம்பி. சேகோ மில்லு மேஸ்திரின்னு தான் ஊருல எனக்குப் பேரு. பொண்ணு பாக்கப் போனப்ப மாப்பிள்ளை என்ன பண்றாருன்னதுக்கு சேகோ மில்லுல இருக்காருன்னு தான் சொன்னாங்க. அத ஒருத்தன், அழுக்குக் கால்சட்டை போட்டுகிட்டு, நாலு மணிய மென்னுட்டு, இல்லன்னுட்டான். யுத்த காலத்துல கப்பல்ல வர்ற மரச் சேகோ நின்னு போனப்ப நம்மாளுங்க கிழங்குல பண்ண ஆரம்பிச்சாங்கன்னு எங்க முதலாளியும் சொல்லுவாரு. சொல்லட்டும். அதுக்காக? இவன் மாவு செவப்படிச்சுக் கெடக்கு. நம்ம மாவ அது பக்கத்துல வச்சா அதுக்கே வெக்கமா இருக்கும். நாங்க வெள்ளை வர்றதுக்குக் கொஞ்சம் மருந்து விடுவோம், அது தொழில் ரகசியம். எது அசல்னு யாரு சொல்றது?

அவரு கிண்டலுக்குச் சொல்லலப்பா, மாவப் பத்தி மாவுக்காரங்க பேசிக்கற மாதிரி தான் சொன்னாருன்னு பையன் சொன்னான். எனக்குக் காது அடைச்சுருச்சு. அன்னைக்கு சாயங்காலம் லூகாஸ் என்னைய அவன் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனான். அவன் பொண்டாட்டியும் இன்னொரு பொம்பளையும் ஒரு துணிய ரெண்டு முனைலயும் பிடிச்சு ஈர மாவப் போட்டு ஆட்டிகிட்டு இருந்தாங்க. தொட்டில் ஆட்டற மாதிரி. குண்டு குண்டாத் திரண்டுச்சு. எங்க மில்லுல நான் சேந்த காலத்துல கையால ஆட்டுவோமே, அதே ஆட்டு. அதே வாட்டம். லூகாஸ் துணியோட ஒரு முனைய என் கிட்ட நீட்டினான். நீ ஒரு தடவ ஆட்டிப் பாருன்னு. நான் வாங்கல. கைய வேட்டி மடிப்புல வச்சுகிட்டேன். இது சேகோ இல்லன்னவன் கிட்ட நான் என்னத்துக்கு ஆட்டிக் காட்டணும்?

நாலாம் நாள் தான் கத.

அன்னைக்கு விருந்து. சொந்தக்காரங்க பத்திருபது பேரு, பாய் விரிச்சு வட்டமா உக்காந்தாங்க. நடுவுல அந்தப் பசை, பச்சை மீனு, ஏதோ பிஸ்கட்டு. அப்புறம் ஒரு எலைல... தம்பி, நீங்க சாப்பிட்டு முடிச்சாச்சா? முடிச்சுட்டீங்கன்னா சொல்றேன். புழு. வெட்டிப் போட்ட மரத்துல வண்டு முட்ட வச்சு வர்ற புழு. கட்ட வெரல் தண்டி, மஞ்சளும் வெள்ளையுமா, தல மட்டும் பழுப்பு. நெளியுது. ஒரு பெரியம்மா தலையப் பிடிச்சுத் தூக்கி, கடிச்சு, தலையத் துப்பிட்டு மென்னாங்க. இன்னொரு தட்டுல வறுத்தது. இத நெனைச்சாலே எனக்கு இன்னும் ஒடம்பு கூசுது, இந்தா பாருங்க கைல முடி நிக்கறத.

அந்தப் பொண்ணு என் முன்னால தட்ட வச்சா. கொஞ்சம் பசை, ஒரு பிஸ்கட்டு, ரெண்டு வறுத்த புழு. சாப்பிடுங்க மாமான்னா. எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. பொன்னரசு என் காதுல, அப்பா, அவ முழுகாம இருக்கா, அஞ்சு மாசம், அதச் சொல்லத்தான் இந்த விருந்தே, ஒரு வாய் வச்சுக்கோப்பான்னான்.

நான் தட்டத் தள்ளிட்டேன்.

சரி வேண்டாம், தொட்டாப் போதும்ப்பான்னான். அவங்க வழக்கம் அதுவாம். ஒருத்தர் சோறு குடுத்து வேண்டாம்னு சொல்றவங்க, விரலால அதத் தொட்டு உதட்டுல வச்சுக்கணும். திங்க வேண்டியதில்ல. தொடாமப் போயிட்டா அவங்களுக்கு ஏதாவது ஆயிருமாம். பாம்பு கடிக்கும், ஆத்துல முதலை பிடிக்கும், வண்டி கவுறும். அதுக்கு ஒரு பேரு கூட வச்சிருக்காங்க. அந்தக் கூட்டத்துல எல்லாரும் மொகம் வெளுத்துப் போயி என் கையையே பாக்கறாங்க. என் கை அப்ப எங்க இருந்துச்சு தெரியுமா? முதுகுக்குப் பின்னால. சின்னப் பசங்க வாத்தியாருக்கு மறைக்கற மாதிரி ரெண்டு கையையும் பின்னால கட்டிகிட்டேன்.

இந்தக் கருமத்தத் தொட்டா நான் மூணு தடவ முழுகணும்டான்னு சொன்னேன். தமிழ்ல தான் சொன்னேன், ஆனா கருமம் எந்த பாசைலயும் கருமம்னு தான கேக்கும். லூகாஸ் தலையக் குனிஞ்சுகிட்டான். நான் எந்திரிச்சுப் பையத் தூக்கிட்டு வெளிய வந்தேன். அந்நேரத்துக்கு சிபுவுக்குப் போற வேன் ஒண்ணு நின்னுச்சு, ஏறிட்டேன்.

அந்தப் பொண்ணு பின்னாலயே ஓடி வந்தா தம்பி. வயித்தத் தூக்கிகிட்டு, கைல அந்தத் தட்டோட. ஜன்னல் கிட்ட வந்து தட்ட நீட்டி, தொடுங்க மாமா, தொடுங்க மாமான்னா. அந்த வார்த்தை அவளுக்கு முன்ன தெரியாது. அந்த அஞ்சு நிமிசத்துல பையன் கிட்டக் கேட்டுக் கத்துகிட்டு வந்திருக்கா. அழுதுகிட்டே சொல்றா. பயம், எனக்கு என்னமோ ஆயிரும்னு பயம்.

நான் கண்ணாடிய ஏத்திட்டேன்.

அவ கைல பசை. கண்ணாடிய அப்படியே தட்டினா, அஞ்சு விரலும் பதிஞ்சுருச்சு. வேன் கெளம்பிருச்சு. மூணு மணி நேரம் அது என் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. அந்த மாவு காஞ்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? முதல்ல பளபளன்னு இருக்கும், அப்புறம் வெளுக்கும், அப்புறம் செதில் செதிலாத் தூக்கும். நகத்தால சொரண்டிப் பாத்தேன். வெளிப் பக்கமில்ல இருக்கு. சொரண்டிகிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் போகல.

ஊருக்கு வந்துட்டேன். பெருமாயிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். புழுவச் சொன்னேன், பசையச் சொன்னேன், இது சேகோ இல்லன்னு சொன்னதச் சொன்னேன். அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, பொண்ணு எத்தன மாசம்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

அப்புறம் பையன் எனக்கு போன் பண்றதில்ல. அவன் அம்மாவுக்குப் பண்ணுவான். வீடியோல பேசுவாங்க. நான் வெளிய போயி உக்காந்துக்குவேன். ஆவணில பொண்ணு பொறந்துச்சு. பேத்தி. பெருமாயி போன நீட்டினா, நான் கண்ணாடி கொண்டாரலன்னேன். மூக்குல தான் போட்டிருந்தேன்.

போகட்டும், இத கேளுங்க. எனக்கு ஏதாவது ஆச்சா? பாம்பு கடிச்சுதா? முதலை பிடிச்சுதா? போன கார்த்திகைல மில்லுல பெரிய பெல்ட்டு அறுந்து, சாட்டை மாதிரி என் காதோரமா வீசிட்டுப் போயி சுவத்த ஒடைச்சுச்சு. ஒரு விரக்கடை தள்ளி நின்னிருந்தா தல இருக்காது. ஒரு கீறல் இல்ல தம்பி. எல்லார்கிட்டயும் சொன்னேன், பாத்தீங்களா, தொடாம வந்தா சாவுன்னாங்களே, முழுசா நிக்கறேன்னு. வீட்டுக்குள்ள வந்தா பேச ஆளில்ல, பெருமாயி சோத்த வச்சுட்டு அந்தாண்ட போயிருவா, அது வேற. ஆனா ஒடம்புக்கு ஒண்ணும் ஆகல. அப்ப அவங்க சொன்னது பொய் தான?

தைப் பொங்கல் முடிஞ்சதும் பெருமாயி கெளம்பிட்டா. என்னைய கேக்கல, பையன் எனக்கு டிக்கெட்டு போட்டிருக்கான், பேத்தியப் பாக்கப் போறேன்னா. சேலத்தத் தாண்டிப் போகாதவ. ஒரு மாசந்தான் அங்க தங்க விடுவாங்க. நான் மெஸ்ஸுல சாப்பிட்டுகிட்டு இருக்கேன். அது சாப்பாடா? அத விடுங்க.

மூணு நாளைக்கு முன்ன போன் பண்ணினா. அவளும் அந்தப் பசைய முழுங்கறாளாம், வழுக்குன்னு உள்ள போயிருது, நல்லாத்தான் இருக்குங்கறா. வச்சுரலாம்னு இருக்கேன், இங்க ஒரு சங்கதிங்கன்னு ஆரம்பிச்சா. சும்மா ஊர்க்கத சொல்ற கொரல்ல தான் சொன்னா. அந்தப் பொண்ணு சாப்பிட உக்காந்தா, மொதல்ல விரலால தட்டத் தொட்டு உதட்டுல வச்சுக்கறாளாம். உடனே இன்னொரு தடவ தொட்டு இன்னொரு தடவ வச்சுக்கறாளாம். ஏதோ சாமி பழக்கம்னு பெருமாயி நெனைச்சிருக்கா. மூணு வேளையும் இப்படியே பண்றாளேன்னு பையன் கிட்டக் கேட்டாளாம். அவன் சொன்னானாம், முதல் தடவ அவளுக்கு, ரெண்டாவது அப்பாவுக்கும்மா, அப்பா தொடாமப் போயிட்டாருல்ல, அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு அவருக்குப் பதிலா இவ தொடறான்னு.

பத்து மாசம் தம்பி. மூணு வேள. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பக் கூட, குடுத்த கஞ்சியத் தொடக் கையத் தூக்க முடியாம, பையன விட்டுத் தன் விரலப் பிடிச்சுத் தொட வச்சிருக்கா. எனக்காக. அவ அப்பனத் தலகுனிய வச்சவனுக்காக. நான் அவ மூஞ்சிக்கு நேரா ஏத்தினேன் பாருங்க கண்ணாடி, அதுக்கு.

கொழந்த அழுகுது, வச்சுடறேன்னு பெருமாயி வச்சுட்டா.

எனக்கு அந்தப் பெல்ட்டு நெனப்பு தான் வந்துச்சு. எந்த வேளைன்னு யோசிச்சுப் பாத்தேன். இங்க மத்தியானம் பன்னெண்டு, அங்க ரெண்டரை, சாப்பிட்டு எந்திரிக்கற நேரம். நான் இதையெல்லாம் நம்பற ஆளு இல்ல. நம்பல. ஆனா ஒக்காந்த எடத்துல என் மேலயே எனக்குக் கொமட்டுச்சு தம்பி. புழுவப் பாத்து வந்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல. இத்தன நாளு நான் அருவருத்ததெல்லாம் எலைல இருந்துச்சு. அன்னைக்கு வந்தது என் ஒடம்புக்குள்ள இருந்து வந்துச்சு. போயி வாயக் கொப்புளிச்சேன். போகல.

மறுநாள் மில்லுல இருந்து கொஞ்சம் மாவு கொண்டாந்து, கொதிக்கற தண்ணி ஊத்திக் கிண்டினேன். பசையாச்சு. குச்சில சுத்தினேன். கண்ண மூடிகிட்டு முழுங்கினேன். உள்ள போன வேகத்துல வெளிய வந்துருச்சு. தரையெல்லாம் கழுவினேன். ரெண்டாம் தடவையும் அப்படித்தான். நான் பொய் சொல்ல மாட்டேன், அது எனக்கு எறங்கல. எறங்காது. அது சாப்பாடே இல்ல. மூணாம் தடவ விரலால தொட்டு உதட்டுல வச்சேன். அது நின்னுச்சு. அப்ப ஆரம்பிச்சது தான் இந்தப் பழக்கம்.

துறையூர் தாண்டியாச்சா? திருச்சி இன்னும் ஒரு மணி நேரம். ஏர்போர்ட்டுக்கு அங்க டவுன் பஸ் இருக்குல்ல? பெருமாயிய கூட்டியாரத் தான் முக்காவுக்குப் போறேன். அவளுக்குத் தனியா பிளேன் மாறத் தெரியாது. போறப்ப மாறிப் போயிருக்கா, வர்றப்ப கொழம்பிக்குவா. ரெண்டு நாளு இருப்பேன், கூட்டிகிட்டு வந்துருவேன். வேற ஒண்ணும் இல்ல.

காலுக்குக் கீழ இருக்கறதா? ஜவ்வரிசி தான், அஞ்சு கிலோ. அந்த லூகாஸ் மறுபடி நாலு மணிய மென்னு பாத்துட்டு, கிழங்குன்னு சொல்லுவான். சொல்லட்டும். ஆமாய்யா, கிழங்கு தான்னு சொல்லப் போறேன். பொன்னரச விட்டு அவன் பாசைல சொல்லச் சொல்லுவேன். துணிய நீட்டினான்னா ஒரு முனையப் பிடிச்சு ஆட்டியும் காட்டுவேன், அதுல அவன் என்னைய ஜெயிக்க முடியாது.

ஆனா புழுவத் திங்க மாட்டேன் தம்பி. அந்தப் பசையும் முழுங்க மாட்டேன். ச்சீ, அது நடக்காது. தொடுவேன். அவ தட்டு வச்சதும், எல்லாரும் பாக்கத் தொட்டு, உதட்டுல வப்பேன். அவ பேரு ஹில்டா. பத்து மாசமா ரெண்டு தடவ தொட்டுகிட்டு இருக்கா. இனிமே அவ ஒரு தடவ தொட்டாப் போதும்.